கண்காணிப்பு ஸ்கிரிப்டை எந்த மெஷினில் ஓட்டுவது? ஆலை நெட்வொர்க்குக்கு நான்கு வழிகளும் அவற்றின் கோளாறுகளும்

கோவை அவிநாசி ரோட்டில் தலைமை அலுவலகம், பல்லடம் பக்கம் நூற்பாலை, பெருந்துறை சிப்காட்டில் சாயப்பட்டறை, உடுமலைப் பக்கம் இரண்டு மூன்று காற்றாலை. கொங்குப் பகுதியில் நடுத்தர ஜவுளி நிறுவனம் ஒன்றின் நெட்வொர்க் ஏறக்குறைய இப்படித்தான் பரந்து கிடக்கும். சுவிட்ச் உயிரோடு இருக்கிறதா, சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டதா என்பதை நாகியோஸ், ஜாபிக்ஸ், பிஆர்டிஜி என எந்தக் கண்காணிப்பு மென்பொருளானாலும் நிறுவிய அன்றே சொல்லிவிடும். நிர்வாகம் கேட்பது வேறு. பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே இறங்குகிறதா, ஸ்பின்னிங்கில் ஆர்.எச். (காற்றின் ஈரப்பதம்) எவ்வளவு, எடைமேடை பில் தலைமை அலுவலக டேட்டாபேஸில் ஏறியதா, ராத்திரி பேக்கப் முழுசாக முடிந்ததா? இவற்றுக்கு ரெடிமேட் செக் கிடையாது. பத்து இருபது வரியில் ஸ்கிரிப்ட் எழுதித்தான் ஆக வேண்டும்.

எழுதுவது அரை நாள் வேலை. அதை எங்கே ஓட்டுவது என்ற முடிவுதான் வருடக்கணக்கில் கூடவே வரும். வழிகள் நான்கு: கண்காணிப்பு சர்வரிலேயே ஓட்டலாம், பார்க்க வேண்டிய மெஷினில் ஏஜென்ட் (அங்கே நிறுவும் கண்காணிப்பு நிரல்) மூலம் ஓட்டலாம், எஸ்என்எம்பி (சாதனங்களிடம் நிலையைக் கேட்கும் நெறிமுறை) வழியாக ஓட்டலாம், அல்லது அந்த மெஷினே தன் நேரத்துக்கு ஓட்டி, முடிவை மட்டும் சர்வருக்குத் தள்ளிவிடலாம். பெரும்பாலும் எதை அமைப்பது சுலபமோ அதையே எடுத்துவிடுகிறார்கள். அமைப்பது ஒரு தடவை, பழுது பார்ப்பது பல தடவை. ஆகவே ஒவ்வொரு வழியையும் இரண்டு கேள்விகளை வைத்துப் பார்ப்போம்: கெட்டுப்போனால் அது தானாகத் தெரியவருமா? தெரிந்த பிறகு எத்தனை இடத்தில் தேட வேண்டும்?

எங்கே ஓட்டினாலும் வரும் கோளாறுகள்

இவற்றை முதலில் கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏஜென்ட் சரியில்லை என்று ஸ்கிரிப்டை சர்வருக்கு மாற்றுவோம், பழைய கோளாறும் கூடவே மாறி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மிக அதிகமாகக் காண்பது ரூட் யூசர் (லினக்ஸில் முழு அதிகாரம் உள்ள கணக்கு) தொல்லை. யூனிட் கணக்குப் பார்க்கும் ஒரு ஸ்கிரிப்டை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டரின் மொத்த ரீடிங்கைப் படிக்கும், போன தடவை படித்ததை டிஎம்பி என்ற தற்காலிக ஃபோல்டரில் உள்ள ஒரு சின்ன ஃபைலிலிருந்து எடுக்கும், இரண்டையும் கழித்து விடையைக் கொடுக்கும், புது ரீடிங்கை அதே ஃபைலில் எழுதி வைக்கும். எழுதியவர் ரூட்டாக இருந்தபடியே ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருப்பார். அந்த ஓட்டத்தில்தான் ஃபைல் உருவாகும். அதன் உரிமையாளர் ரூட், அனுமதி 644. பிறகு ஜாபிக்ஸ் தன் சொந்த யூசராக ஓட்டும்போது ஃபைலைப் படிக்க முடியும், எழுத முடியாது. எழுதாவிட்டாலும் ஸ்கிரிப்ட் நிற்காது. ஆகவே கழிக்கப்படும் பழைய ரீடிங் எப்போதும் அந்த முதல் ரீடிங்காகவே இருக்கும். மணிக்கு 40 யூனிட் ஓடும் இடத்தில் முதல் மணி 40, அடுத்தது 80, அடுத்தது 120 என்று கிராஃப் படிக்கட்டு மாதிரி ஏறும். எக்ஸிட் கோடு (ஸ்கிரிப்ட் முடியும்போது திருப்பித் தரும் எண்) 0, எர்ரர் எதுவும் இல்லை. இப்படி ஏறும் கிராஃபைப் பார்த்ததும் மீட்டரைச் சந்தேகிக்காமல் அந்த ஃபைல் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஃபைலை ரூட்டாக நீக்கிவிட்டு, கண்காணிப்பு யூசருக்கே சொந்தமான தனி ஃபோல்டரில் வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. சோதிக்கும்போதெல்லாம் சூடோ கட்டளையில் அந்த யூசராக மாறித்தான் ஓட்ட வேண்டும்.

அடுத்தது பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) பிரச்சனை. நாம் லாகின் செய்து ஓட்டும்போது இருக்கும் சூழல், சர்வீஸோ கிரானோ (குறித்த நேரத்தில் ஓட்டும் நிரல்) ஓட்டும்போது இருக்காது. ஸ்கிரிப்டுக்குள் ஒவ்வொரு கட்டளைக்கும் முழுப் பாதையைக் கொடுத்துவிட்டால் பாதித் தலைவலி போகும். விண்டோஸ் நோட்பேடில் எழுதி லினக்ஸில் போட்ட ஸ்கிரிப்ட் என்றால், கண்ணெதிரே ஃபைல் இருந்தும் 'ஃபைல் இல்லை' என்றுதான் பதில் வரும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். டாஸ்-டு-யூனிக்ஸ் கட்டளையை ஓட்டினால் போய்விடும்.

எக்ஸிட் கோடிலும் ஒரு பொறி இருக்கிறது. நாகியோஸுக்கு 0 சரி, 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. பேக்கப் கட்டளைக்கும் அதன் கோடை எடுக்கும் வரிக்கும் நடுவில் யாராவது ஓர் எக்கோ (திரையில் அச்சிடும்) வரி சேர்த்தால், கையில் கிடைப்பது அந்த எக்கோவின் கோடு. எக்கோ எப்போதும் வெற்றிதான், ஆகவே பேக்கப் தோற்றாலும் பச்சை விளக்கு எரியும். நாகியோஸில் 127 வந்தால் ஃபைல் கிடைக்கவில்லை, 126 வந்தால் ஃபைல் இருக்கிறது ஆனால் ஓட்டும் அனுமதி இல்லை. இந்த இரண்டு எண்களையும் மனப்பாடமாக வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, மீட்டர் படிக்கும் ஸ்கிரிப்டில் வரும் கோளாறு. எல்.டி. பேனல் மீட்டரை மோட்பஸில் (மீட்டர்களோடு பேசும் நெறிமுறை) படித்தால் ஒரு வோல்ட்டேஜ் பெரும்பாலும் இரண்டு ரெஜிஸ்டராக (இரண்டு 16-பிட் எண்களாக) வரும். 230 வோல்ட் என்றால் முதல் ரெஜிஸ்டரில் 17254, அடுத்ததில் 0. இரண்டையும் இதே வரிசையில் சேர்த்து 32-பிட் தசம எண்ணாகப் படித்தால் 230.0 கிடைக்கும். சில மீட்டர் வரிசையை மாற்றிக் கொடுக்கும். அதைக் கவனிக்காமல் சேர்த்தால் கிடைப்பது புள்ளிக்குப் பின் 40 சைபர் தாண்டி வரும் எண். இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் 0.00. மில்லிலிருந்து எலக்ட்ரீஷியன், "சார், மீட்டர்ல 230 நிக்குதுங்க, உங்க ஸ்கிரீன்லதான் சைபர் காட்டுது" என்பார். அவர் சொல்வது சரி. ரெஜிஸ்டர்களின் மூல எண்களைத் தனியாக அச்சிட்டுப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். அதனால் இப்படிப்பட்ட ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றிலும் மூல எண்களைக் காட்ட ஒரு சோதனை வழி எழுதி வைப்பது அவசியம்.

வழி 1: கண்காணிப்பு சர்வரிலேயே ஓட்டுவது

ஜாபிக்ஸில் எக்ஸ்டர்னல் செக், பிஆர்டிஜியில் இஎக்ஸ்இ/ஸ்கிரிப்ட் சென்சார், நாகியோஸில் நேரடி ப்ளகின். ஸ்கிரிப்ட் ஒரே இடத்தில் இருக்கும், திருத்துவதும் லாக் பார்ப்பதும் அங்கேயே. மோட்பஸ் டிசிபி (போர்ட் 502), டேட்டாபேஸ் கேள்வி, வெப் பக்கம் என நெட்வொர்க் வழியாகவே கேட்டு வாங்கக்கூடியவற்றுக்கு இது பொருந்தும். கெட்டால் பெரும்பாலும் தானே தெரியும்: ஜாபிக்ஸில் அந்த ஐட்டம் (கண்காணிக்கும் ஒரு மதிப்பு) 'நாட் சப்போர்ட்டட்' என்று சிவப்பாகி நிற்கும்.

இதன் உண்மையான ஆபத்து ஒரு லைன் அறுந்தால் மற்றதையும் இழுத்துக்கொண்டு விழுவது. கணக்கைப் பாருங்கள். ஜாபிக்ஸ் சர்வரில் இத்தகைய செக்குகளை ஓட்டும் போலர்கள் (ஒரு நேரத்தில் ஒரு செக்கை எடுத்து ஓட்டும் உள் நிரல்கள்) இயல்பாக 5. மில்லில் 40 மீட்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கிரிப்ட், நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் அரை வினாடி என்றால் 40-ம் 4 வினாடியில் முடியும். பல்லடம் லைன் போனால் ஒவ்வொரு ஸ்கிரிப்டும் டைம்அவுட் வரை காத்திருக்கும். டைம்அவுட் இயல்பான 3 வினாடியாக இருந்தால் 24 வினாடி, தாங்கும். ஆனால் எப்போதோ ஒரு மெதுவான ஸ்கிரிப்டுக்காக யாரோ அதை 30-க்கு ஏற்றியிருப்பார்கள். அப்போது 40 × 30 ÷ 5 = 240 வினாடி. நிமிடத்துக்கு ஒரு தடவை முடிய வேண்டியது நான்கு நிமிடம் எடுக்கும். அதே போலர்களை நம்பியிருக்கும் தலைமை அலுவலகச் செக்குகளும் வரிசையில் நிற்கும், சம்பந்தமே இல்லாத இடங்களிலிருந்து அலர்ட் கிளம்பும். ஹோஸ்ட் கிடைக்கவில்லை என்று ஏஜென்ட் செக்குகளை ஒதுக்கி வைப்பதுபோல எக்ஸ்டர்னல் செக்குகளை ஜாபிக்ஸ் ஒதுக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தீர்வு இரண்டு. 7.0 பதிப்பிலிருந்து டைம்அவுட்டை ஐட்டம்வாரியாகக் கொடுக்கலாம். மெதுவான ஒன்றுக்காக எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியதில்லை. அதைவிட நல்லது, 40 ஸ்கிரிப்டை ஒன்றாக்குவது: எல்லா மீட்டரையும் ஒரே ஓட்டத்தில் படித்து ஒரே ஜேசன் துண்டாகக் கொடுக்க, டிபென்டன்ட் ஐட்டங்கள் அதிலிருந்து தமக்கு வேண்டியதைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. மீட்டர்கள் ஆர்எஸ்-485 வயரில் தொடர்ந்து, ஒரு கேட்வே வழியாக நெட்வொர்க்குக்கு வருகின்றன. அந்த வயரில் ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் போக முடியும். மில்லின் எனர்ஜி மென்பொருளும் அதே கேட்வேயைக் கேட்டுக்கொண்டிருந்தால், 40 தனித்தனி ஸ்கிரிப்ட் மோதும்போது சில நிமிடம் வரும், சில நிமிடம் வராது. இந்த விட்டு விட்டு வரும் தோல்வியைக் கேபிள் பழுது என்று நினைத்து வயரை மாற்றுபவர்கள் நிறைய. முதலில் எனர்ஜி மென்பொருளைப் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள்.

மில்லிலேயே ஒரு ஜாபிக்ஸ் ப்ராக்ஸி (சர்வருக்காக அங்கேயே செக்குகளை ஓட்டும் துணை மெஷின்) வைத்தால் லைன் அறுந்தாலும் படிப்பது நிற்காது; ப்ராக்ஸி இயல்பாக ஒரு மணி நேரத் தரவைச் சேமித்து வைத்திருந்து பிறகு அனுப்பும், அந்த அளவைக் கூட்டவும் முடியும். ஆனால் ஹோஸ்டை ப்ராக்ஸிக்கு மாற்றிய நொடியிலிருந்து ஸ்கிரிப்ட் ஓடும் இடமும் ப்ராக்ஸிதான். ஸ்கிரிப்ட், அது கேட்கும் பைதான் தொகுப்பு, அனுமதிகள் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோக வேண்டும். இதை மறந்துவிட்டு சர்வரில் ஓட்டிப் பார்த்து 'இங்கே ஓடுகிறதே' என்று அரை நாள் தொலைப்பது சாதாரணம்.

பிஆர்டிஜியில் இதே குழப்பம் வேறு உருவில் வரும். சென்சாரை மில் சர்வரின் கீழே சேர்த்தாலும் ஸ்கிரிப்ட் ஓடுவது ப்ரோப் (சென்சார்களை ஓட்டும் நிரல்) இருக்கும் விண்டோஸ் மெஷினில். நாம் லாகின் செய்தால் தெரியும் இசட் டிரைவ் அதற்குத் தெரியாது. பல பதிப்புகளில் ப்ரோப் 32-பிட் பவர்ஷெல்லைத்தான் கூப்பிடும். 64-பிட்டில் மாட்யூலைப் போட்டு எக்ஸிக்யூஷன் பாலிசியையும் மாற்றிவிட்டு, அங்கே ஓடுவது இங்கே ஓடவில்லையே என்று தேடுவார்கள். சென்சார் அமைப்பில் முடிவை டிஸ்க்கில் எழுதும் தேர்வை ஆன் செய்தால், ஸ்கிரிப்ட் உண்மையில் என்ன கொடுத்தது என்பது லாக் ஃபோல்டரில் சென்சார் எண்ணோடு ஒரு ஃபைலாக விழும். அதைப் பார்க்காமல் ஸ்கிரிப்டைத் திருத்தவே கூடாது.

வழி 2: அந்த மெஷினில் ஏஜென்ட் மூலம்

மெஷினுக்கு உள்ளே மட்டும் தெரியும் விஷயங்களுக்கு இதுதான் இயல்பான இடம்: பேக்கப் ஃபைலின் அளவு, ரெய்டு (டிஸ்க் தொகுப்பு) நிலை, ஈஆர்பி லாக்கில் வந்த எர்ரர். தேட வேண்டிய இடம் இரண்டாகிறது, சர்வரும் மெஷினும். அதனால் படி படியாக ஏற வேண்டும்.

முதல் படி: அந்த மெஷினில் ஏஜென்ட்டின் யூசராக ஸ்கிரிப்டை ஓட்டுவது. இரண்டாவது: ஏஜென்ட் நிரலின் 'டி' சோதனைத் தேர்வோடு அந்த கீயை (ஐட்டத்தை அழைக்கும் பெயரை) ஓட்டுவது. இங்கே ஒரு எச்சரிக்கை: ரூட்டாக இருந்துகொண்டு இதை ஓட்டினால் ஸ்கிரிப்டும் ரூட்டாகவே ஓடும், அனுமதிக் கோளாறு மறைந்துவிடும். மூன்றாவது: சர்வரிலிருந்து ஜாபிக்ஸ்-கெட் கட்டளையில் கேட்பது, போர்ட் 10050, ஃபயர்வால், அனுமதிக்கப்பட்ட சர்வர் பட்டியல் எல்லாம் இதில் சோதனையாகும். நான்காவது: வெப் திரையில் ஐட்டத்தின் டெஸ்ட் பட்டன். எந்தப் படியில் நிற்கிறதோ கோளாறு அதற்கும் முந்தைய படிக்கும் நடுவில்தான்.

யூசர் பாராமீட்டர் வரியில் (ஏஜென்ட் கோப்பில் கீயைக் கட்டளையோடு இணைக்கும் வரி) ஆக் என்ற பத்தி பிரிக்கும் கட்டளையைப் போடுபவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் ஒரு கல்: கீயில் நட்சத்திரம் வைத்தால் டாலர் 2 என்பதை ஜாபிக்ஸ் தன் இரண்டாவது பாராமீட்டராக எடுத்துக்கொள்ளும். ஆக்கின் இரண்டாவது பத்தி வேண்டுமானால் டாலர் குறியை இரட்டையாகப் போட வேண்டும்.

நாகியோஸுக்கு ஏஜென்ட் என்ஆர்பிஇ. இந்த ஜோடியில் டைம்அவுட் மூன்று அடுக்காக இருக்கிறது. கேட்கும் ப்ளகினுக்கு இயல்பாக 10 வினாடி, என்ஆர்பிஇ சர்வீஸுக்கு 60, நாகியோஸுக்கு 60. 25 வினாடி எடுக்கும் டேட்டாபேஸ் சோதனைக்கு என்ஆர்பிஇ கோப்பில் எதை மாற்றினாலும் 10 வினாடியில் சாக்கெட் டைம்அவுட் வருவது இதனால்தான். மாற்ற வேண்டியது சர்வரில் உள்ள ப்ளகின் கட்டளையில். உள்ளே இருப்பது வெளியே இருப்பதைவிடக் குறைவாக இருக்கட்டும்: ஸ்கிரிப்டின் சொந்த வரம்பு 30, ப்ளகின் 40, நாகியோஸ் 60. எஸ்எஸ்எல் ஹேண்ட்ஷேக் முடியவில்லை என்ற செய்தி வந்தால் சான்றிதழைத் தேடும் முன், அனுமதிக்கப்பட்ட ஐபி பட்டியலில் சர்வர் இருக்கிறதா என்று பாருங்கள். அவுட்புட்டைப் படிக்க முடியவில்லை என்று வந்தால் ஸ்கிரிப்ட் எதையுமே அச்சிடாமல் செத்திருக்கிறது. பெரும்பாலும் சூடோ பாஸ்வேர்ட் கேட்டு நின்றதாக இருக்கும். எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) ஓடும் மெஷினில் எல்லாம் சரியாக இருந்தும் மறுக்கப்பட்டால் ஆடிட் லாக்கைப் பாருங்கள்.

வழி 3: எஸ்என்எம்பி எக்ஸ்டென்ட்

எஸ்என்எம்பி சர்வீஸே ஸ்கிரிப்டை ஓட்டி முடிவைக் கொடுக்கும் வசதி இது. வெண்டர் கொடுத்த லினக்ஸ் பெட்டி, ஏஜென்ட் போட அனுமதி இல்லை, எஸ்என்எம்பி மட்டும் இருக்கிறது என்றால் இதை எடுக்கலாம். அதைத் தவிர வேறு காரணத்துக்கு நாம் பரிந்துரைப்பதில்லை. ஸ்கிரிப்ட் 10 வினாடி எடுத்தால் அந்த 10 வினாடியும் எஸ்என்எம்பி சர்வீஸ் வேறு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது. அந்த மெஷினின் சிபியு, டிஸ்க் கிராஃபெல்லாம் இடைவெளி விழும். டெபியன், உபுண்டுவில் முதல் நாளே விழும் தடை வேறு: இயல்பான அமைப்பில் காட்டப்படும் பகுதி சிஸ்டம் விவரங்களோடு நின்றுவிடும், எக்ஸ்டென்ட் முடிவுகள் அதற்கு வெளியே, எஸ்என்எம்பி எண் மரத்தில் 8072-இன் கீழே இருக்கும். வியூ வரியில் அந்தக் கிளையைச் சேர்க்காதவரை ஸ்கிரிப்ட் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வெளியே தெரியாது.

வழி 4: அங்கிருந்து தள்ளுவது

காற்றாலை சைட்டில் பெரும்பாலும் சிம் ரவுட்டர்தான். அதற்குத் தனிப் பொது ஐபி கிடைப்பதில்லை, வெளியிலிருந்து உள்ளே எந்த போர்ட்டையும் தட்ட முடியாது. உள்ளிருந்து வெளியே போவது மட்டும்தான் நடக்கும். ஆகவே அங்குள்ள சின்னக் கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஸ்கிரிப்டை ஓட்டி, ஜாபிக்ஸ்-செண்டர் மூலம் சர்வரின் போர்ட் 10051-க்கு அனுப்பும். பிஆர்டிஜியில் இதற்கு ஹெச்டிடிபி புஷ் சென்சார், போர்ட் 5050, டிஎல்எஸ் என்றால் 5051.

இந்த வழியின் பெரிய குறை, கெட்டால் சத்தமே வராது. கிரான் நின்றாலும், சிம் ரீசார்ஜ் முடிந்தாலும், பெட்டி எரிந்தாலும் சர்வரில் கடைசியாக வந்த நல்ல மதிப்பு அப்படியே நிற்கும். நோடேட்டா ட்ரிகர் (தரவு வருவது நின்றால் எச்சரிக்கும் விதி) இல்லாமல் இந்த வழியைத் தொடவே கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அனுப்பினால் 16 நிமிடம் வையுங்கள். மூன்று தடவை தவறினால் அலர்ட், சிம் லைன் ஒரு தடவை தடுமாறினால் யாரையும் எழுப்பாது. நாகியோஸில் இதே வேலைக்கு ஃப்ரெஷ்னெஸ் வரம்பு. பிஆர்டிஜியில் தரவு வராதபோது 'கடைசி நிலையை வைத்திரு' என்ற தேர்வு இருந்தால் மாற்றிவிடுங்கள்.

செண்டர் திரும்பச் சொல்லும் வரியைக் கிரானில் தூக்கி எறியாமல் லாகில் எழுதுங்கள். ஃபெயில்ட் 1 என்று வந்தால் நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கிறது, சர்வர் மதிப்பை ஏற்கவில்லை. ஹோஸ்ட் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறியிருக்கும், கீ ஒத்துப்போகாது, அல்லது ஐட்டம் ட்ராப்பர் (வெளியிலிருந்து தள்ளும் மதிப்பை ஏற்கும்) வகையில் இருக்காது. எக்ஸிட் கோடும் இதைப் பிரித்தே சொல்லும்: 1 என்றால் போய்ச் சேரவில்லை, 2 என்றால் போய்ச் சேர்ந்தது, ஏற்கவில்லை.

கரண்ட் போய் வரும் இடங்களில் இன்னொன்று. ராஸ்பெரி பை சின்னக் கணினியில் 4 வரையிலான மாடல்களில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. துணை மின்நிலையப் பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் நிறுத்தி மாலையில் விட்டால், பெட்டி காலையில் நிற்பதற்கு முன் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். சிம் லைன் கிடைத்து நேரம் சரியாகும்வரை நேரமுத்திரையோடு அனுப்பும் மதிப்பெல்லாம் காலைக் கணக்கில் போய் விழும். கிராஃபில் மாலையில் ஓட்டை, காலையில் ஒன்றுக்கு இரண்டு புள்ளி. நேரம் ஒத்திசைந்த பிறகே ஸ்கிரிப்ட் தொடங்கும்படி வைப்பது, அல்லது ஒரு ஆர்டிசி (பேட்டரிக் கடிகார) மாட்யூல் பொருத்துவது, இரண்டில் ஒன்று தேவை.

ஜாபிக்ஸ் ஏஜென்டையே ஆக்டிவ் முறையில் வைத்தால் அதுவும் உள்ளிருந்து வெளியே பேசும், கிரான் தேவையில்லை. ஏஜென்ட் 2-இல் நிலையான பஃபரை ஆன் செய்தால் லைன் இல்லாத நேரத்து மதிப்புகளையும், இயல்பாக ஒரு மணி நேரத்துக்கு, வைத்திருந்து அனுப்பும். புதிதாக அமைப்பவர்கள் செண்டரைவிட இதையே எடுக்கலாம். நோடேட்டா ட்ரிகர் இதற்கும் வேண்டும்.

எதற்கு எது

தலைமை அலுவலகத்துக்கு உள்ளேயே கேட்டு வாங்கக்கூடிய டேட்டாபேஸ், வெப் சோதனைகளுக்கு வழி 1. நூற்பாலை, சாயப்பட்டறை மீட்டர்களுக்கு அந்தந்த இடத்தில் ப்ராக்ஸி, அதில் எல்லா மீட்டரையும் படிக்கும் ஒற்றை ஸ்கிரிப்ட். எல்லா சர்வரின் பேக்கப், ரெய்டு, லாக் சோதனைக்கு வழி 2. காற்றாலைக்கு ஆக்டிவ் ஏஜென்ட்; பழைய பெட்டியில் அது ஓடாவிட்டால் செண்டர். வெண்டர் பெட்டிக்கு மட்டும் எஸ்என்எம்பி. ஒரே நிறுவனத்தில் இத்தனை வழி இருந்தால் குழப்பம்தானே என்று கேட்கலாம். ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும் எந்த மெஷினில், எந்த யூசராக, எத்தனை வினாடி வரம்பில் ஓடுகிறது என்று மூன்று வரி எழுதி வைத்தால் ராத்திரி ஷிப்டில் இருப்பவரும் தேடிக்கொள்வார்.

எந்த வழியை எடுத்தாலும், ஒப்படைக்கும் முன் மூன்று தடவை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஸ்கிரிப்டின் ஓட்டும் அனுமதியை எடுத்துவிடுங்கள். பிறகு ஸ்கிரிப்டுக்குள் 90 வினாடி தூங்கும் வரி ஒன்றைச் சேருங்கள். கடைசியாக ரவுட்டரின் வயரைப் பிடுங்குங்கள். ஒவ்வொரு தடவையும் அலர்ட் வந்து சேர எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றில் எதற்காவது அலர்ட் வரவில்லை என்றால் அந்தச் செக் இன்னும் முடியவில்லை.